ஞானப்பூவின் நாக்கு

"கசக்குது" என்றாள் ஞானப்பூ.

தலையிலிருந்து தோள்வரை இறங்கியிருந்த கண்ணாடித்தாள் உறைக்குள் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த நெற்றி முழுவதும் சுருங்கிக் கிடந்தது. செண்பகவல்லி தெளிப்பானை உறையின் துளையிலிருந்து வெளியே எடுத்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லேசாவா, நல்லாவா?"

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? வேப்பங்கொழுந்த அரைச்சு வாயில அப்புன மாதிரி இருக்கு."

சுவரோரம் நின்றிருந்த நெவிஸ் மச்சாது தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தான். அந்த முகக்கவசத்தை வடிவமைத்தவன் அவன். நான்காவது மாதிரி. காலையிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் "கசக்கல" என்று சொல்லித் தேறியிருந்தார்கள். இவள் ஒருத்திதான் பாக்கி. இவள் ஒருத்திதான் ஒவ்வொரு முறையும் இதைச் சொன்னாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்தச் சோதனையைத் தெரியாதவர்கள் கிடையாது. கவசத்தைப் போட்டவரின் தலையில் உறையை மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைப் பனிபோலத் தெளிப்பார்கள். மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும், தலையை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கவசத்தின் விளிம்பில் எங்காவது இடைவெளி இருந்தால் கசப்பு நாக்கில் தெரிந்துவிடும். கசப்பு நுழைகிற வழியில்தான் மாவும் நுழையும்.

மாவு என்பது ஊரார் வைத்த பெயர். பூமியின் சூட்டைத் தணிக்க விமானங்கள் மேல் வானத்தில் தூவிய கனிமப் பொடி அது. சூடு தணிந்தது உண்மைதான். சித்திரை மதியத்திலும் வெளியே நிற்க முடிந்தது, உள்நாட்டு ஊர்களில் மழை கூடியது. ஆனால் மேலே தூவியது என்றைக்காவது கீழே இறங்கத்தான் செய்யும். காற்று திரும்புகிற மாதங்களில் அது தென்கரை ஊர்களின்மேல் இறங்கியது. காற்றில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் கம்பியெல்லாம் வெளுத்திருக்கும். சுவாசித்தவர்களின் நுரையீரல் மெல்ல மெல்ல இறுகியது. அதனால் சட்டம் வந்தது. தன் முகத்தில் தேறிய கவசம் இல்லாமல் மாவுக்காலத்தில் யாரும் திறந்தவெளியில் வேலை செய்யக் கூடாது.

ஞானப்பூ கப்பலில் ஏற்றிய பெட்டிகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். மூன்று மாவுக்காலமாக அவளுக்கு வாசல் திறக்கவில்லை.

"மேடம், இவங்களுக்குத் தாடை ஒடுக்கம். எந்த அளவுலயும் வராத முகம். ஒருத்தர் தவறுனா பரவாயில்லன்னு விதியே சொல்லுது. விட்டுட்டு முடிவ அனுப்பிருவோம்" என்றான் நெவிஸ்.

ஞானப்பூ உறையோடு சேர்த்துக் கவசத்தையும் பிடுங்கி எறிந்தாள்.

"மூணு வருசமா இதத்தான் சொல்லுதீய. எங்க அம்மைக்கும் இதே தாடைதான். என் வீட்டுக்காரருக்குத் தாடி வேற இருக்கு, அவரு எப்படித் தேறுதாரு? ஏன் மேடம், எத்தன பேரு தலையில இந்தக் கூட்ட மாட்டியிருப்பீய? ஒரு நாளாவது நீங்க உள்ள தலைய விட்டுப் பாத்திருக்கீயளா?"

செண்பகவல்லிக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சோதனைக்கூடத்தின் பொறுப்பை ஏற்றதிலிருந்து இந்த மாதிரிக் கத்தலைப் பலமுறை கேட்டிருக்கிறாள். வேலை இல்லை என்று ஆனவர்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்? அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் தன் கவசத்தைக் கழற்றி வைத்தாள். கூடத்துக்குள் வடிகட்டிய காற்றுதான்.

"வாங்க, ரெண்டு பேருமே பாப்போம். இது ஒண்ணும் விஷம் இல்ல."

உறையை உயர்த்திப் பிடித்து அதற்குள் இரண்டு தலைகளையும் நுழைத்துக்கொண்டு தெளிப்பானை அழுத்தினாள். வெள்ளைப் பனி பரவியது. ஞானப்பூ குமட்டிக்கொண்டு உறையை உதறி வெளியே ஓடினாள். கழுவுத் தொட்டியில் குனிந்து துப்பினாள்.

செண்பகவல்லி அசையாமல் நின்றாள். முகத்தில் ஈரம் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான்.

தெளிப்பான் அந்தப் பக்கம் திரும்பியிருந்திருக்கும் என்று நினைத்தாள். நாக்கை நீட்டி, அதன்மேலேயே நேராக அழுத்தினாள். ஒருமுறை, இன்னொரு முறை. தண்ணீர்தான். வெறும் தண்ணீர்.

"நெவிஸ், இங்க வாங்க."

"எதுக்கு மேடம்?"

"கவசத்தக் கழட்டிட்டு வாங்க. வாயத் திறங்க."

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். நாக்கில் பட்டதைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். "இது தண்ணி மேடம். யாரோ மருந்த மாத்திட்டாங்க" என்றான். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, இன்னும் துப்பிக்கொண்டிருந்த ஞானப்பூவைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

செண்பகவல்லி அலமாரியைத் திறந்து முத்திரை உடைக்காத புதுக் குப்பியை எடுத்தாள். அதிலும் கசப்பு இல்லை. ஞானப்பூவின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். அவள் நுனிநாக்கால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு விளங்கல மேடம். உங்களுக்குக் கசக்கலயா?"

செண்பகவல்லி வெளியே போனாள். தேறியவர்கள் நடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் கிடைத்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஞானப்பூவின் கணவன் தங்கையாவும் ஒருவன். கவசம் இல்லாமல் ஒவ்வொருவராக உறைக்குள் தலையை விட்டார்கள். "கசக்கல" என்றார்கள், ஒவ்வொருவராக.

"அப்ப எனக்கு மாஸ்க்கே வேண்டாம் போலயே" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஞானப்பூ கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவரு பாவக்காய கண்ணாலயே பாக்க மாட்டாரு மேடம்" என்றாள் மெதுவாக. "இப்பம் சத்தமே இல்லாம ரெண்டு தடவ வாங்கித் திங்காரு. கைப்பக்குவம் கூடிட்டுன்னுல்லா நான் நெனச்சேன்."

தங்கையா சிரிக்கப் போய் இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஆணையர் நல்லசிவன் எதையும் நின்றுகொண்டே கேட்கிறவர். அன்றைக்குச் செண்பகவல்லி சொல்லச் சொல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காற்றுக் காப்பு வாரியத்தின் கிடங்கில் நாற்பதாயிரம் கவசங்கள் லாரி ஏறக் காத்திருந்தன. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நாக்குல ருசி போச்சுன்னா மாஸ்க் ஒழுகுதுன்னு எப்படிச் சொல்லுதீங்க? வயசாகுது, வெத்திலை போடுதான், பீடி குடிக்கான். ஆயிரம் காரணம் இருக்கும்."

"சார், மாவு வாய்க்குள்ள போனா மொதல்ல நாக்கோட நரம்பு நுனியத்தான் உரசிக் கெடுக்கும். அதுலயும் கசப்பு மொதல்ல போகும், இனிப்பு உப்பெல்லாம் பிந்தித்தான். நுரையீரல் இறுகுறது பல வருசம் கழிச்சுத்தான் தெரியும். வெளிய வேலைக்கே விடாம மூணு மாவுக்காலமா கதவ அடைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் கசக்குது. மாஸ்க்கப் போட்டுத் தெனம் வெளிய போன எல்லாருக்கும் போயிட்டு. அப்ப மாவு எந்த வழியா உள்ள போச்சு?"

"இயந்திரத்துல வச்சுப் பாத்தோமே?"

"இரும்புத் தலையில வச்சுப் பாத்தோம் சார். துணி நல்ல துணிதான், ஒரு துகள் விடாது. ஆனா இரும்புத் தலை பேசாது, குனியாது. விளிம்புல எவ்வளவு நுழையுதுன்னு எண்ணுற மெஷின் மொத வருசமே மாவு ஏறிக் கெட்டுப்போச்சு. வேற கேட்டு எழுதுனோம், எல்லாக் கரையூரும் கேட்டுக்கிட்டு நிக்கி, முறை வரல. அதுக்கு அப்பறம் மனுச நாக்க நம்பித்தான் சோதனை."

"சரி, நாக்கு வேலை செய்யுதான்னு முதல்ல பாக்கணும்னு விதியில இருக்குமே."

"இருந்துச்சு. மொதல்ல மாஸ்க் இல்லாம தெளிச்சுப் பாத்து, கசக்குதுன்னு சொல்லுறவங்களுக்குத்தான் சோதனை வைக்கணும். வரிசை நீளமாப் போகுதுன்னு அந்தப் படிய எடுத்துட்டாங்க."

எடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. அது நல்லசிவனின் அவசர ஆணை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். "எங்க, தெளிங்க" என்று தானே உறையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

செண்பகவல்லி அழுத்தினாள். பனி அவர் மீசையில் மணிமணியாகத் திரண்டது. அவர் உதட்டை நக்கிக்கொண்டார். மறுபடி நக்கிக்கொண்டார். உறையை மெதுவாகக் கழற்றினார்.

"ஒரு வருசத்துல மூணு சமையக்காரங்கள மாத்திட்டோம்" என்றார் கடைசியில். "ஒருத்தருக்கும் ருசியாச் செய்யத் தெரியலன்னு வீட்டுல எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தோம்."

மறுநாள் துறைமுகம் மூடப்பட்டது. எல்லாருடைய தேர்ச்சியும் ரத்து. வந்துகொண்டிருந்த கப்பல்களை வேறு துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

நல்லசிவனையோ நெவிஸையோ தெரு திட்டவில்லை. ஞானப்பூவைத் திட்டியது. "எல்லாரும் தேறுனோம், இவ ஒருத்தி கசக்குதுன்னா, ஊரு வாயில மண்ணு விழுந்துட்டு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பக்கத்து வீட்டு ஜெபமணியின் மனைவி மட்டும் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். தங்கையா வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தான். "நீ சொன்னது சரிதான். ஆனா சரியாச் சொன்னவளுக்கு யாரு சோறு போடுவா?" என்று ஒரு நாள் கேட்டான்.

வாரியம் போட்டது. மாவு இறங்கிய கரையில் கசப்புத் தெரிந்த நாக்கு அவளுடையது ஒன்றுதான் என்று ஆனபின், அவளைச் சோதனையாளராக வேலைக்கு எடுத்தார்கள். சோதனையாளர் முகத்தில் தேறினால் எல்லோருக்கும் போதும் என்று விதியையும் மாற்றினார்கள். உள்நாட்டு ஊர்களில் கேட்டுப் பார்த்தார்கள். கரைப்பக்கம் வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. வாரியத்தின் வண்டி தெருமுனைவரை வரும். அங்கே வரைக்கும் அவள் நடந்து வர வேண்டும். போட்டுக்கொள்ள அவளுக்குக் கொடுத்தது நான்காவது மாதிரிக் கவசம். அதைவிட நல்லது அப்போது யாரிடமும் இல்லை.

நெவிஸ் அவள் முகத்தைக் களிமண்ணில் அச்செடுத்தான். பிறகு தெருவில் சம்மதித்தவர்களின் முகங்களையெல்லாம் எடுத்தான். ஐந்தாவது மாதிரியின் விளிம்பை மென்மையான பசைரப்பரில் செய்தான்.

"எங்க கசக்குது?"

"எடது கன்னத்துப் பக்கமா வருது. சும்மா இருந்தா இல்ல. சிரிச்சா வருது."

"சிரிக்காம வேலை பாக்க முடியாதா?"

"பெட்டிக்கு மேல நின்னு கம்பி இறுக்கும்போது பல்லக் கடிப்போம்லா, அப்பமும் வரும்."

அவன் பல்லைக் கடித்துக் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தான். தாடை அசையும்போது கன்னத்துக்குள் குழி விழுவதை அன்றைக்குத்தான் கவனித்தான். அதன் பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினான். சாப்பாட்டு வேளையில் அவள் கொண்டுவந்த குழம்பை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல, நல்லா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க" என்பான்.

ஆறாவது மாதிரி வந்த நாளில் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. விளிம்பில் இரண்டு அடுக்கு. கன்னம் குழிந்தாலும் உள் அடுக்கு ஒட்டிக்கொண்டே போகும். ஞானப்பூ மூச்சிழுத்தாள், திரும்பினாள், குனிந்தாள், படித்தாள்.

"கசக்குது" என்றாள்.

"எங்கக்கா?"

"எங்கன்னு தெரியல. பொதுவா."

நெவிஸ் ஒரு மாதம் அந்த இடத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. வாரியம் கொடுத்த அரிசி வீடுகளுக்குப் பற்றவில்லை. சிலர் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக மீன்பிடிக்கப் போனார்கள். காற்று மாறி மாவு அடர்ந்த ஒரு நாளில் படகு கடலுக்குள் மாட்டிக்கொண்டது. திரும்பி வந்தவர்களில் மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒருவன் ஞானப்பூவின் பக்கத்து வீட்டு ஜெபமணி. அவன் இனி எழுந்து நடந்தாலும் மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏழாவது மாதிரி தயாரான அன்று மருந்தும் தானியமும் ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. வேறெங்கும் இடமில்லாமல் இங்கே அனுப்பியிருந்தார்கள். கவசம் தேறினால் இறக்கலாம். இல்லையென்றால் போய்விடும். செய்தி பரவி, வேலையிழந்தவர்கள் காலையிலிருந்தே வாரியத்தின் வாசலில் கிடைத்ததையெல்லாம் முகத்தில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

செண்பகவல்லி கதவைச் சாத்தினாள். உள்ளே அவளும் நெவிஸும் ஞானப்பூவும் மட்டும். உறையை மாட்டித் தெளிப்பானைத் துளையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"கசக்குது" என்றாள் ஞானப்பூ.

நெவிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

செண்பகவல்லி அசையவில்லை. ஏதோ உறுத்தியது. முன்பெல்லாம் ஞானப்பூவின் கண் முதலில் மூடும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும், அதற்கு அப்புறம்தான் வார்த்தை வரும். இன்றைக்குப் பனி படிவதற்குள்ளேயே வார்த்தை வந்துவிட்டது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. ஆறாவது மாதிரியின் அன்றும் இப்படித்தானா? நினைவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, வார்த்தையை மட்டும்தான் கேட்டாள்.

தொட்டியடிக்குப் போனாள். முதுகைத் திருப்பிக்கொண்டு தெளிப்பானைக் கழுவி, அதில் குடிதண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"மாஸ்க்கக் கழட்டுங்க. வெறும் வாய்ல ஒரு தடவ பாத்துருவோம்."

தெளித்தாள்.

"இப்பம்?"

"ஆமா மேடம். ரொம்பக் கசக்குது."

"ஞானப்பூ, இது தண்ணி."

வெளியே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. நெவிஸ் தலையைத் தூக்கினான். ஞானப்பூ உறையை மெதுவாகக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பயிருந்து?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஆறாவது மாஸ்க் வாரதுக்குக் கொஞ்ச நாள் முன்ன. ஒரு நாள் காலையில பல்லு வெளக்குனேன். வேப்பங்குச்சி. சும்மா சக்கையா இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீய? இருந்த ஒரு நாக்கும் போச்சுன்னு கைய விரிச்சிருப்பீய. மேல இருந்து நெருக்குவாக. கையில இருக்குறத மாட்டிவிட்டு எல்லாரையும் அனுப்பிருவீய, முந்தி அனுப்புன மாதிரியே." அவள் குரல் உயரவில்லை. "கசக்கலன்னு நான் ஒரு வார்த்த சொன்னா போதும், நாற்பதாயிரம் பேரு மூஞ்சில ஏறிரும். அது நல்ல மாஸ்க்கா மோசமான்னு எனக்கே தெரியாதப்ப எப்படி மேடம் சொல்லுவேன்? கசக்குதுன்னு சொன்னா ஒருத்தனும் சாக மாட்டான்னு நெனச்சேன்."

"அப்ப ஆறாவது நல்லதா இருந்திருக்கலாம்" என்றான் நெவிஸ். யாரிடமும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல் இருந்தது.

"இருந்திருக்கலாம் தம்பி."

செண்பகவல்லிக்கு அவளைக் கோபிக்க வாய் வரவில்லை. ஒழுகும் என்று தெரிந்த கவசத்தைப் போட்டு மாவுக்குள் அவளைத் தினமும் நடத்தி வரவழைத்தது யார்? அவள் நாக்கு இருக்கிறது என்ற தைரியத்தில்தானே அதற்கு மேல் வேறு நாக்கைத் தேடாமல் இருந்தார்கள்? வெறும் வாயில் முதலில் சோதிக்கும் படியை மறுபடி விதியில் சேர்த்திருந்தார்கள். ஞானப்பூவுக்கு மட்டும் அதைச் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஜன்னலின் தடித்த கண்ணாடிக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல் தெரிந்தது.

"அந்தக் கப்பல்ல இருக்கிறவங்க எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டாள்.

நல்லசிவன் கம்பியில்லாக் கருவியில் கப்பல் தலைவனிடம் மன்றாடினார். காற்றுப் புகாத படகில், மாவு இறங்காத ஊர் மாலுமி ஒருவனை அழைத்து வந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரன், பெயர் ரோமெல். இருபத்தைந்து வயது இருக்கலாம். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏழாவது மாதிரியைப் போட்டுக்கொண்டு மூச்சிழுத்தான், குனிந்தான், நிமிர்ந்தான், அவன் மொழியில் ஏதோ ஒரு பாட்டை உரக்கச் சொன்னான். செண்பகவல்லி அழுத்தி அழுத்தித் தெளித்தாள். அவன் தோளைக் குலுக்கினான். ஒன்றும் இல்லை.

"மாஸ்க்கக் கழட்டச் சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி.

கழற்றினான். தெளித்தாள்.

ரோமெல் அலறிக்கொண்டு உறையைப் பிய்த்தெறிந்தான். நாக்கை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு ஓடினான். துப்பினான், தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தான், அவன் மொழியில் எல்லோரையும் திட்டினான். நல்லசிவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நெவிஸ் அழுதுகொண்டே சிரித்தான்.

ஞானப்பூ சிரிக்கவில்லை. கோணிப்போன அந்த முகத்தை, நெற்றிச் சுருக்கத்தை, மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என் மூஞ்சியும் இப்படித்தான் போகுமா மேடம்?"

"ஆமா. இதவிட மோசமா."

"ம்" என்றாள். பிறகு, "ஆறாவதையும் போட்டுப் பாருங்க" என்றாள்.

"வேண்டாம் ஞானப்பூ. ஏழாவது தேறிடுச்சு. அது போதும்."

"போட்டுப் பாருங்க மேடம்."

நெவிஸ் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தான். ரோமெல் மாட்டேன் என்று கையை ஆட்டினான். ஞானப்பூ அவன் முன்னால் போய்க் கைகூப்பினாள். அவன் அவளைப் பார்த்தான். ஒன்றும் புரியாவிட்டாலும் கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டான். மறுபடி மூச்சு, மறுபடி குனிதல், அதே பாட்டு. தெளிப்பானிலிருந்த மருந்து தீரும்வரை செண்பகவல்லி அழுத்தினாள்.

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கசக்கவில்லை.

நெவிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நல்லசிவனுக்கு விஷயம் தெரியாது. "ரெண்டுமே நல்லா இருக்குன்னா சந்தோசம்தான?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட விரைந்தார்.

ஞானப்பூ மேசையிலிருந்த ஏழாவது மாதிரியில் ஒன்றை எடுத்தாள். வாரைப் பின்தலையில் மாட்டி, மூக்குத்தண்டில் விரல்களால் அழுத்தி, கன்னத்தோரம் தடவிச் சரிபார்த்தாள். எத்தனையோ முறை செய்து பழகிய கை. கதவை நோக்கி நடந்தாள்.

"எங்க போறீங்க?" செண்பகவல்லி அவள் தோளைப் பிடித்தாள். "இன்னைக்கு வேண்டாம். நான் அவங்கள்ட்டப் பேசிக்கிடுதேன்."

"ஆறாவதுக்கு நான் சொன்ன பொய்ய நீங்க என்னன்னு சொல்லுவீய?"

செண்பகவல்லி கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே நல்லசிவனின் ஆள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தான். கவசம் தேறிவிட்டது, நாளை காலை முதல் வேலை. கூட்டம் ஆர்ப்பரித்தது. புதுக் கவசத்தோடு படியில் இறங்கி வருகிற ஞானப்பூவைக் கண்டதும் சத்தம் இரண்டு மடங்காயிற்று. மூன்று மாதமாக அவள் முகத்தில் விழிக்காதவர்கள் கைதட்டினார்கள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முன்வரிசையில் நின்றிருந்த தங்கையா, இருமலை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

அவள் கடைசிப் படியில் நின்றாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். கவசத்துக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. அதனால் சற்று உரக்கவே கேட்டாள்:

"ஜெபமணி சம்சாரம் வந்திருக்காவளா?"